கொசுவின் செல்லுக்குள் வைரஸ்: ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வருபவருக்கு

சிங்கப்பூரில் டெங்கி ஆண்டு முழுவதும் உண்டு. 2020இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். அதனால் கொசுவழி வைரஸ்களை ஆராயும் கூடங்களும் இந்தச் சின்னத் தீவில் கொஞ்சம் அதிகம்தான். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து சில மாதப் பயிற்சிக்கு வருபவர்கள், பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கு வருபவர்கள், சென்னையிலோ கோவையிலோ முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்துக்கு விமானம் ஏறுபவர்கள் என்று எப்போதும் புதுமுகங்கள் இருப்பார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணத்தோடு வருகிறார்கள்: வைரஸ் செல்லைத் தாக்கும், செல் சாகும், நோய் வரும். பாடப்புத்தகம் மனிதச் செல்லை வைத்து எழுதப்பட்டது, அதனால் அப்படி. டெங்கி வைரஸ் தொற்றிய பெண் கொசு பறக்கிறது, கடிக்கிறது, முட்டையிடுகிறது, சாகும்வரை வைரஸையும் சுமக்கிறது. படுத்துக்கொள்வதில்லை. அதன் செல்கள் வைரஸைப் பெருக்கவும் விடுகின்றன, ஓர் அளவுக்கு மேல் போகாமல் பிடித்தும் வைக்கின்றன. இந்த இழுபறிதான் நம் பாடம். இதைப் படிக்கும்போது எந்தத் தகவலைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகுங்கள்: எந்தக் கொசு, எந்தச் செல், எந்த வெப்பநிலை? கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த மூன்றைச் சுற்றித்தான் வரும்.

முதல் படி: செல்லைத் தொடுமுன் முழுக் கொசுவைப் பாருங்கள்

பிளாஸ்க்கில் வளரும் செல்லுக்குக் குடலும் கிடையாது, எச்சிலும் கிடையாது. கொசுவுக்கு இரண்டும் உண்டு, வைரஸ் இரண்டையும் தாண்டியாக வேண்டும். நோயாளியின் ரத்தத்தோடு உள்ளே போகும் வைரஸ் முதலில் நடுக்குடல் செல்களில் சிலவற்றைப் பிடிக்கிறது. அங்கே பெருகி, குடலின் வெளிச்சுவரைத் தாண்டி உடற்குழிக்குள் இறங்குகிறது. கொழுப்புத் திசு, நரம்புத் திசு என்று பரவி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அங்கும் செல்லுக்குள் நுழைந்து, பெருகி, எச்சிலோடு கலந்தால்தான் அடுத்த மனிதருக்குப் போக முடியும்.

ஆக நான்கு தடைகள்: குடலுக்குள் நுழைவது, குடலிலிருந்து வெளியேறுவது, சுரப்பிக்குள் நுழைவது, சுரப்பியிலிருந்து வெளியேறுவது. எந்தத் தடையிலும் பயணம் நின்றுபோகலாம். 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் டெங்கி வைரஸுக்கு இந்தப் பயணம் 8 முதல் 12 நாள் பிடிக்கும். வெப்பம் கூடினால் நாள் குறையும். கொசுவின் வாழ்நாளே சில வாரங்கள் என்பதால் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம்கூடப் பரவலை மாற்றிவிடும்.

“இந்த மரபணுவை அடக்கினால் வைரஸ் கூடுகிறது” என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னால், எந்தத் தடையில் என்று தேடுங்கள். நடுக்குடலில் பெரிய வித்தியாசம் தரும் மரபணு சுரப்பியில் ஒன்றுமே செய்யாமல் இருக்கலாம். பயணத்தை ஒரு தாளில் வரைந்து மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் படி: ஒரு வைரஸைத் தேர்ந்தெடுத்து அதன் குடும்பத்தை அறிந்துகொள்ளுங்கள்

டெங்கியும் ஸிக்காவும் ஃபிளேவி குடும்பம். சிக்குன்குனியா ஆல்ஃபா வகை. மூன்றையும் ஏடிஸ் கொசு பரப்புவதால் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள்.

டெங்கி வைரஸின் மரபுப்பொருள் ஏறத்தாழ 11,000 எழுத்துள்ள ஒற்றை ஆர்என்ஏ இழை. செல்லுக்குள் நுழைந்ததும் அது நேராக ஒரே நீண்ட புரதமாகப் படிக்கப்படுகிறது. அப்புறம் அது பத்துத் துண்டாக வெட்டப்படும். மூன்று துண்டுகள் வைரஸின் உடலைக் கட்டுபவை, மற்ற ஏழும் செல்லுக்குள் வேலை செய்பவை. சிக்குன்குனியாவின் ஆர்என்ஏ சற்று நீளம், 12,000 எழுத்துக்குக் கிட்டத்தட்ட. அது உடல் புரதங்களுக்கென்று தனியாக ஒரு சிறிய ஆர்என்ஏவை எடுத்து வைத்துக்கொள்கிறது. நகலெடுக்கும் இடமும் வேறு: டெங்கி செல்லின் உள்ளே இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வைக் குடைந்து பைகள் செய்கிறது, சிக்குன்குனியா செல்லின் வெளிச்சவ்வில் தொடங்குகிறது.

குடும்பம் மட்டும் தெரிந்தால் போதாது, கொசு இனமும் முக்கியம் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 2008 ஜனவரியில் லிட்டில் இந்தியாவில், கிளைவ் ஸ்ட்ரீட் வட்டாரத்தில், உள்ளூரிலேயே பரவிய முதல் சிக்குன்குனியா தொற்று வந்தது. 13 பேர் பாதிக்கப்பட்டார்கள். வீடுகளை ஒட்டி வாழும் ஏடிஸ் எஜிப்டி அதைப் பரப்பியது. அந்தக் குழுமம் கட்டுக்குள் வந்தது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் வேறொரு சிக்குன்குனியா பரவியது. அந்த வைரஸின் ஈ1 என்ற உறைப் புரதத்தில் 226ஆம் இடத்தில் இருக்க வேண்டிய அலனின், வேலினாக மாறியிருந்தது. ஒரே ஓர் அமினோ அமிலம். அந்த மாற்றத்தால் மரஞ்செடிகள் உள்ள இடங்களில் திரியும் ஏடிஸ் அல்போபிக்டஸின் நடுக்குடல் செல்களை வைரஸ் மிக எளிதாகப் பிடிக்க முடிந்தது. முன்பு எஜிப்டியை நம்பியிருந்த வைரஸுக்கு இன்னொரு வாகனம் கிடைத்துவிட்டது. இதே மாற்றம் 2005, 2006 ஆண்டுகளில் ரீயூனியன் தீவில் வந்த பெரிய பரவலில்தான் முதலில் கவனத்துக்கு வந்தது.

புதியவர்களுக்கு இந்தக் கதையை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். “கொசு செல்லில் சோதித்தோம்” என்று எழுதுபவர் எந்தக் கொசு என்று எழுதாவிட்டால், அந்த வாக்கியத்தை நான் நம்புவதில்லை.

மூன்றாம் படி: வைரஸோடு செல்லுக்குள் நடந்து பாருங்கள்

உள்ளே நுழைவதிலிருந்து தொடங்கலாம். கொசு செல்லில் டெங்கிக்கான ஏற்பி, அதாவது வைரஸ் ஒட்டிக்கொள்ளும் மேற்பரப்புப் பொருள், எது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. ஹெபரான் சல்ஃபேட், புரோஹிபிட்டின், லாமினினைப் பிடிக்கும் ஒரு புரதம் என்று பல பெயர்கள் கட்டுரைகளில் வரும். ஒன்றில்லாவிட்டால் இன்னொன்றைப் பயன்படுத்தக்கூடிய வைரஸ் இது. ஆகவே முதல் வாரத்திலேயே “புதிய ஏற்பியைக் கண்டுபிடிக்கப்போகிறேன்” என்று கிளம்ப வேண்டாம். அந்தப் பாதையில் பலர் பல ஆண்டு செலவழித்திருக்கிறார்கள்.

ஒட்டிக்கொண்ட வைரஸைச் செல்லே உள்ளிழுத்துக்கொள்கிறது. உள்ளிழுத்த பையில் அமிலத்தன்மை ஏறும்போது, வைரஸின் ஈ புரதம் இரண்டிரண்டாகப் படுத்திருந்த நிலையிலிருந்து மும்மூன்றாக எழுந்து நின்று, தன் சவ்வையும் பையின் சவ்வையும் ஒன்றாக்குகிறது. ஆர்என்ஏ வெளியே வழிகிறது. இது மனிதச் செல்லிலும் கொசு செல்லிலும் ஏறத்தாழ ஒன்றுதான். இங்கே அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

வித்தியாசங்கள் மற்ற இடங்களில் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, வெப்பம். டெங்கி வைரஸின் மேற்பரப்பில் 180 ஈ புரதங்கள் ஓடு வேய்ந்ததுபோல அடுக்கப்பட்டிருக்கும். கொசுவின் வெப்பநிலையில் அந்தப் பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது. டெங்கி இரண்டாம் வகையின் சில திரிபுகளை 37 டிகிரிக்குக் கொண்டுபோனால், அதே வைரஸ் வீங்கி மேடுபள்ளமாகிறது. 2013இல் இதை உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டிய குழுக்களில் ஒன்று ஊட்ரமில் உள்ள டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஷீ-மெய் லோக் குழு. எல்லாத் திரிபுகளும் இப்படி மாறுவதில்லை. ஆனாலும், 28 டிகிரியில் வளர்த்த வைரஸும் 37 டிகிரியில் வைத்த வைரஸும் ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டு, கொழுப்பு. பூச்சிகளால் கொலஸ்ட்ராலைத் தாங்களே தயாரிக்க முடியாது. கொசு உணவிலிருந்து எடுத்துக்கொள்கிறது, வளர்ப்பில் இருக்கும் செல் நாம் சேர்க்கும் கன்றுக்குட்டி சீரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. சவ்வுகளை வளைத்துப் பைகள் கட்டும் வைரஸுக்குக் கொழுப்புப் பொருள்கள் நிறைய வேண்டும். எனவே சீரத்தின் அளவை நீங்கள் மாற்றினால் செல்லின் சாப்பாட்டை மட்டுமல்லாமல் வைரஸின் கட்டுமானப் பொருளையும் சேர்த்து மாற்றுகிறீர்கள். மனிதச் செல்லில் கொலஸ்ட்ரால் தயாரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கொசு செல்லில் போட்டுவிட்டு வைரஸ் குறையவில்லையே என்று வியப்பதற்கு முன், தடுக்க அங்கே அந்தத் தயாரிப்பே கிடையாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மூன்று, வெளியே வரும் வைரஸின் தோற்றம். புதிய வைரஸ் வெளியேறும் வழியில் பிஆர்எம் என்ற புரதம் வெட்டப்பட வேண்டும், அப்போதுதான் அது முதிர்ந்த வைரஸ். கொசு செல் வளர்ப்பில் இந்த வெட்டு பெரும்பாலும் அரைகுறை, அதனால் முதிராத துகள்கள் நிறைய வரும். புரதத்தின்மேல் ஒட்டும் சர்க்கரைச் சங்கிலிகளும் வேறு: கொசு செல் மேனோஸ் என்ற சர்க்கரை மிகுந்த எளிய சங்கிலிகளை ஒட்டுகிறது. கடிபட்ட இடத்தில் நம் தோலில் காத்திருக்கும் டெண்ட்ரிட்டிக் என்ற எதிர்ப்புச் செல்களின் ஏற்பி ஒன்று இந்த மேனோஸைத்தான் நன்றாகப் பிடிக்கும். கொசுவிலிருந்து வரும் முதல் வைரஸ் இதனால் பயனடைகிறது. உங்கள் வைரஸ் இருப்பு (சோதனைக்காகச் சேமித்து வைத்த வைரஸ்) எந்தச் செல்லில் தயாரானது என்று குறிப்பேட்டில் எழுதிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

நான்காம் படி: செல் எப்படித் தற்காத்துக்கொள்கிறது என்று படியுங்கள்

நம் செல்கள் வைரஸைக் கண்டால் வெளியிடும் எச்சரிக்கைப் புரதமான இன்டர்ஃபெரான் கொசுவுக்கு இல்லை, நமக்கு இருப்பதுபோல எதிர்ப்பொருள்களும் இல்லை. அதன் முதன்மையான ஆயுதம் ஆர்என்ஏ குறுக்கீடு. வைரஸ் நகலெடுக்கும்போது இரட்டை இழை ஆர்என்ஏ உருவாகியே தீரும். டைசர்-2 என்ற நொதி அதை 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோனாட்-2 என்ற புரதம் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் ஆர்என்ஏ எங்கே இருந்தாலும் தேடி வெட்டுகிறது. இதுபோகப் பிவி புரதங்களின் வழி வரும் 24 முதல் 30 எழுத்துத் துண்டுகளும் உண்டு. டோல், ஐஎம்டி, ஜாக்-ஸ்டாட் என்று மூன்று சமிக்ஞைப் பாதைகளும் உண்டு. இவற்றை ஒரே நாளில் படித்து முடிக்க முயலாதீர்கள். டைசர்-2ஐ மட்டும் முதலில் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் அது உடனே தேவைப்படும்.

வைரஸும் சும்மா இருப்பதில்லை. செல்லின் எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி வைரஸ் ஆர்என்ஏவை ஒரு முனையிலிருந்து மென்றுகொண்டே வரும். வாலருகே உள்ள முடிச்சில் அது திணறி நின்றுவிடும். மிஞ்சும் துண்டுதான் துணைமரபு ஆர்என்ஏ. அதையே வைரஸ் ஆயுதமாக்கிக்கொள்கிறது. டியூக்-என்யுஎஸ்ஸில் மரியானோ கார்சியா-பிளாங்கோவின் குழுவும் அவரோடு சேர்ந்தவர்களும் 2015இலும் 2017இலும் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளை அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். மனிதச் செல்லில் இந்தத் துண்டு டிரிம்25 என்ற புரதத்தைப் பிடித்து இன்டர்ஃபெரான் சமிக்ஞையைக் குறைக்கிறது. கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியிலோ டோல் பாதையைக் கெடுக்கிறது. ஒரே துண்டு இரண்டு உயிரினங்களில் இரண்டு வேலை பார்க்கிறது. இந்தத் துறையில் என்னை இன்னும் அசரவைப்பது இதுதான்.

ஐந்தாம் படி: செல் வரிசையை அறிந்து தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலான கூடங்களில் உங்கள் கையில் முதலில் கொடுக்கப்படுவது சி6/36 என்ற செல் வரிசை, அதாவது கூடத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்துகொண்டே போகும் செல்கள். இதன் வேர் புனேயில் இருக்கிறது. அங்கிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே. ஆர். பி. சிங், ஏடிஸ் அல்போபிக்டஸ் புழுக்களிலிருந்து செல்களை வளர்த்து 1967இல் வெளியிட்டார். ஜப்பானிய அறிஞர் அகிரா இகராஷி 1978இல் அதிலிருந்து, டெங்கியும் சிக்குன்குனியாவும் நன்றாக வளரும் ஒரு கிளையைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்க இன்றும் உலகெங்கும் இதைத்தான் நாடுகிறார்கள்.

ஏன் அவ்வளவு நன்றாக வளர்கிறது? 2010 வாக்கில்தான் காரணம் தெளிவானது. இந்தச் செல்லில் டைசர்-2 வேலை செய்வதில்லை, அதன் மரபணுவில் பழுது. பூட்டில்லாத வீட்டில் திருடன் எப்படி நுழைகிறான் என்று ஆராய்ந்தால் பூட்டைப் பற்றி என்ன தெரியும்? வைரஸை வளர்க்க சி6/36 அருமையான செல். கொசுவின் எதிர்ப்பாற்றலைப் படிக்க அது உதவாது. பழைய கட்டுரைகளில் “கொசு செல் டெங்கியை எதிர்ப்பதே இல்லை” என்கிற தொனியில் ஏதாவது கண்டால், எந்தச் செல் என்று உடனே பாருங்கள்.

எதிர்ப்பாற்றல் வேண்டுமென்றால் இரண்டு வழி. அல்போபிக்டஸ் தேவையென்றால் யு4.4, அதுவும் சிங் உருவாக்கிய செல்களின் வழி வந்ததுதான், ஆனால் டைசர்-2 நலமாக இருக்கிறது. எஜிப்டி தேவையென்றால் ஏஏஜி2. சிங்கப்பூர் டெங்கியைப் பற்றிக் கேள்வி என்றால் எஜிப்டி செல்தான் பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் ஏஏஜி2வில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதற்குள் ஏற்கெனவே வைரஸ்கள் குடியிருக்கின்றன. பூச்சியை மட்டுமே தொற்றும், மனிதருக்கு வராத ஒரு ஃபிளேவி வைரஸ் நிலையாக அதில் உண்டு. 1970களில் ஏடிஸ் எஜிப்டி செல் வளர்ப்பு ஒன்றில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் காரணி என்று கண்டறியப்பட்ட அதே வைரஸ்தான். ஆகவே நீங்கள் டெங்கி போடாத ஏஏஜி2விலும் இரட்டை இழை ஆர்என்ஏவைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒளிரக்கூடும். ஒளிர்ந்த படத்தைப் பார்த்து மகிழ்வதற்கு முன், தொற்று போடாத செல்லின் படத்தைப் பக்கத்தில் வையுங்கள்.

ஆறாம் படி: செல்லை நலமாக வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

வைரஸைத் தொடுவதற்கு முன் சில வாரங்கள் வெறும் செல்லை மட்டும் வளர்ப்பது நல்லது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீரோ (குரங்கு) செல்லோ ஹீலா (மனித) செல்லோ பார்த்துப் பழகியவர்களுக்குக் கொசு செல் முதலில் நோயாளியைப்போலத் தெரியும். சிறியது, உருண்டையானது, பாதி ஒட்டியும் பாதி மிதந்தும் இருக்கும். அது இயல்புதான். 28 டிகிரி போதும். எல்-15 மீடியத்தில் (செல்லுக்கு உணவான திரவத்தில்) வளர்த்தால் கார்பன் டை ஆக்சைடு தேவையில்லை, பிளாஸ்க் மூடியை இறுக்கியே வைக்கலாம். வேறு மீடியம் என்றால் கூடத்தின் முறையைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். செல்லைப் பிரிக்க டிரிப்சின் என்ற நொதி வேண்டாம், பிளாஸ்க்கைப் பக்கவாட்டில் தட்டினாலோ மெதுவாகச் சுரண்டினாலோ வந்துவிடும். கட்டிகளாக வந்தால் பிப்பெட்டால் மென்மையாக ஏற்றி இறக்குங்கள். மிகவும் ஐதாகப் பிரித்தால் சோம்பி நின்றுவிடும். நெருக்கமாகவே வையுங்கள்.

சிங்கப்பூருக்கே உரிய ஒரு குறிப்பு. சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்ற மட்டுமே தெரியும், குளிர்விக்கத் தெரியாது. கூடத்தின் குளிரூட்டி வேலை செய்யும்வரை 28 டிகிரி நிற்கும். வார இறுதியில் பராமரிப்புக்காகக் குளிரூட்டியை நிறுத்தினால் அறையே 30ஐத் தாண்டும், உங்கள் செல்லும் கூடவே தாண்டும். குளிர்விக்கும் வசதியுள்ள இன்குபேட்டர் கிடைத்தால் அதில் இடம் பிடியுங்கள். இல்லையென்றால் உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, அதிகபட்ச அளவைத் திங்கட்கிழமை பாருங்கள்.

மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் கண்ணுக்குத் தெரியாமல் குடியேறும் பாக்டீரியா) சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். குறைந்த பாசேஜிலேயே, அதாவது செல்லைப் புது பிளாஸ்க்குக்குச் சில தடவை மட்டும் மாற்றியிருக்கும்போதே, சில குப்பிகளை உறையவைத்துவிடுங்கள்.

ஏழாம் படி: தொற்றுச் சோதனையைத் திட்டமிடுங்கள்

செய்முறையைக் கூடத்தின் மூத்தவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பாதுகாப்புப் பயிற்சியும் நிறுவனத்தின் அனுமதியும் இல்லாமல் வைரஸ் உள்ள பிளாஸ்க்கைத் தொடக் கூடாது. தொற்றிய கொசுக்களை வைத்துச் செய்யும் வேலைக்குத் தனிக் கட்டுப்பாட்டு அறை வேண்டும், புதியவர்களுக்கு அது பிறகுதான். நான் இங்கே சொல்வது திட்டமிடுவதைப் பற்றி மட்டும்.

பெரும்பாலான புதியவர்கள் போடும் முதல் திட்டம் இப்படி இருக்கும்: ஒரு பக்கம் 37 டிகிரியில் வீரோ செல், மறுபக்கம் 28 டிகிரியில் சி6/36, எதில் வைரஸ் அதிகம்? இதில் செல்லும் மாறுகிறது, வெப்பமும் மாறுகிறது. விடை கிடைத்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது. கூடவே வைரஸ் இருப்பு ஒரு செல்லில் தயாரானதென்றால் அந்தச் செல்லுக்கு முன்கூட்டியே சலுகை கிடைத்துவிடுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே கொசு இனம், ஒரே வெப்பம், ஒரே வைரஸ் இருப்பு வைத்துக்கொண்டு, ஒரு மரபணுவை அடக்கியும் அடக்காமலும் பார்ப்பது சின்னக் கேள்விதான். ஆனால் விடை நிற்கும்.

மரபணுவை அடக்கும்போதும் செல்லின் குணம் குறுக்கே வரும். ஏஏஜி2வில் நீண்ட இரட்டை இழை ஆர்என்ஏவைக் கொடுத்தால் செல்லே நறுக்கிக்கொள்ளும். சி6/36இல் நறுக்க டைசர்-2 இல்லை, ஆகவே முன்கூட்டியே நறுக்கிய சிறு துண்டுகளைத்தான் கொடுக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும், கொசுவில் இல்லாத ஒரு மரபணுவுக்கான ஆர்என்ஏவை ஒப்பீட்டுக்கு வையுங்கள், பச்சை ஒளிர் புரதத்தின் மரபணு வசதியானது.

அளவிடும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். மரபுப்பொருளைப் பெருக்கி அளக்கும் பிசிஆர், ஆர்என்ஏவை எண்ணும். உடைந்த வைரஸ், முதிராத வைரஸ், ஒட்டிக்கொண்டு உள்ளே போகாத வைரஸ் எல்லாம் அதில் சேரும். செல் படலத்தில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டைகளை எண்ணும் பிளாக் சோதனை, தொற்றவல்ல வைரஸை மட்டும் எண்ணும், அதைப் பொதுவாகப் பிஎச்கே-21 போன்ற பாலூட்டிச் செல்லில் செய்வார்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பது வழக்கம். அந்த இடைவெளி மாறினால் அதுவே ஒரு கண்டுபிடிப்பாக இருக்கலாம், அதனால் இரண்டையும் எடுங்கள். வைரஸைக் கழுவிய உடனேயே ஒரு மாதிரி எடுத்தால்தான் பின்னால் வரும் எண் பெருக்கத்தால் வந்ததா, மிச்சத்தால் வந்ததா என்று தெரியும். செல் செத்துப்போகும் என்று காத்திருக்காதீர்கள். சில திரிபுகளில் சி6/36 செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாவது தெரியும், பல நேரம் ஒன்றுமே தெரியாது. வைரஸ் உள்ளேயே இருக்க, செல் வாரக்கணக்கில் பிரிந்துகொண்டே போகும்.

இன்னொன்று. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், கூடத்தில் வந்ததா வீட்டில் வந்ததா என்று நீங்களே முடிவுகட்டாமல் மருத்துவரிடம் போய் வேலை என்னவென்று சொல்லுங்கள், கூடத்துக்கும் தெரிவியுங்கள். காய்ச்சல் நாள்களில் கொசு விரட்டி பூசிக்கொள்ளுங்கள். உங்கள் புளோக்கில் உள்ள கொசு உங்களைக் கடித்துப் பக்கத்து வீட்டுக்குப் போகக்கூடும்.

எட்டாம் படி: வோல்பாக்கியாவைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கொசு ஆராய்ச்சி என்று சொன்னதுமே பக்கத்து வீட்டு ஆன்ட்டி கேட்கப்போகும் கேள்வி இது: “நம்ம புளோக்குல கொசு விடுறாங்களே, அது நீங்கதானா?” பதில் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கட்டுரைகளைப் படிக்கும்போது உங்களுக்கே இங்கே குழப்பம் வரும்.

தேசிய சுற்றுப்புற வாரியம் 2016 முதல் விடுவது ஆண் கொசுக்கள். ஆண் கடிக்காது. அவற்றின் செல்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கிறது. எஜிப்டியில் இயல்பாக இல்லாத இந்த வகை, அல்போபிக்டஸிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த ஆணோடு சேரும் வெளிப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிக்காது. கொசுவின் எண்ணிக்கை குறைகிறது. இங்கே வைரஸுக்கும் வோல்பாக்கியாவுக்கும் நேரடிச் சண்டையே தேவையில்லை.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் செய்தது வேறு. அங்கே பெண் கொசுக்களும் விடப்பட்டன, வோல்பாக்கியா அங்குள்ள கொசுக்கூட்டத்திலேயே நிலைத்தது. அது இருக்கும் செல்லில் டெங்கி வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. 2021இல் வெளியான அந்தச் சோதனையின் முடிவில் டெங்கி 77 விழுக்காடு குறைந்திருந்தது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. கொலஸ்ட்ராலுக்கும் பிற கொழுப்புகளுக்கும் பாக்டீரியாவும் வைரஸும் போட்டி போடுவது அவற்றில் ஒன்று. மூன்றாம் படியில் சொன்ன கொழுப்புக் கதை இங்கே பயன்படும்.

வோல்பாக்கியா உள்ள கொசு செல்லில் வைரஸ் குறைகிறதா என்று பார்க்கும் வேலை உங்களுக்கு வந்தால், ஒப்பீட்டுக்கு வேறெங்கிருந்தோ ஒரு ஏஏஜி2 பிளாஸ்க்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே செல்லை டெட்ராசைக்ளின் கொடுத்துப் பாக்டீரியா நீக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்து செல்லின் மைட்டோகாண்ட்ரியாவையும் தொந்தரவு செய்யும். எனவே மருந்தை நிறுத்தி, சில பாசேஜ்கள் தேறவிட்டு, பாக்டீரியா திரும்பி வரவில்லை என்று பிசிஆரில் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வைரஸைப் போடுங்கள்.